கோணல் பாத்தி

இருபத்திரண்டு வருஷம் தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலரைச் சரிபார்த்தவளுக்கு, உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் இஞ்ச் டேப். ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். கணவர் மடித்து வைத்த துணியை அவர் கண் முன்னாலேயே பிரித்து மறுபடி மடிப்பாள். "உன் கையில குடுத்தா நிலாவைக்கூட தேச்சு வட்டமாக்கிடுவே" என்பார் அந்த மனிதர். அவள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

தொழிற்சாலை மூடியதும் ஒரு பண்ணையில் வேலை கிடைத்தது. மனசு சோர்ந்து படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகள் வாரம் மூன்று நாள் வேனில் வந்து அங்கே பயிர் வைத்துப் பழகுவார்கள். பேச்சுத் துணைக்கு ஓர் ஆலோசகர் இருந்தார். நாற்று, உரம், மண்வெட்டிக்கெல்லாம் இஞ்ச் டேப் பொறுப்பு. பண்ணைக்கு ஒரே ஒரு சட்டம்: ஒருவர் பாத்தியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. சட்டமெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் என்று இவள் நினைத்திருந்தாள். அங்கேதான் வினை.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஆறு வாரமாக வந்துகொண்டிருந்தாள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் மூன்று வாரம் கொட்டகை நிழலை விட்டே நகரவில்லை. நாலாவது வாரம் மண்ணைக் கொத்தினாள். ஆறாவது வாரம் முப்பது முட்டைக்கோஸ் நாற்றை நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஆலோசகருக்குக் கண் கலங்கிவிட்டது. இஞ்ச் டேப்புக்கும் சந்தோஷம்தான். ஆனால் வரிசை? பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. இப்படி இடித்துக்கொண்டு நின்றால் எதுதான் உருப்படும்?

வேன் கிளம்பியதும் கயிறு கட்டி, அத்தனையையும் பிடுங்கி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டாள். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு, பாவம்.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகள் வந்தபோது, வேர் அறுந்த நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. அந்தப் பெண் பாத்தி ஓரத்தில் நின்றாள்.

"யாரு தொட்டது?"

ஆறு வாரத்தில் முதல் பேச்சு. பண்ணையே திரும்பிப் பார்த்தது.

"வெயில் கொஞ்சம் ஜாஸ்திம்மா..." என்று மழுப்பினாள் இஞ்ச் டேப்.

அந்தப் பெண் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் வரவே இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டவள் சாப்பாட்டுக்குக்கூடத் திறப்பதில்லை என்று அவள் அம்மா போனில் அழுதாள்.

இஞ்ச் டேப்புக்குச் சோறு இறங்கவில்லை. ஆலோசகரிடம் போய், "நான்தான் பிடுங்கினேன்" என்றாள்.

"தெரியும். கயிறு புடிச்சு நடற ஆளு இங்க வேற யாரு? எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே அந்த வீட்டுக்குப் போனாள். சாத்திய கதவின் முன்னால் ஒத்திகையெல்லாம் காற்றில் போயிற்று.

"நான்தாம்மா பிடுங்கினேன். கோணலா இருந்துச்சு, பொறுக்க முடியல. நீ கேட்டப்ப பொய்யும் சொன்னேன். ஏழு செத்துப் போச்சு. தப்பு முழுக்க என்னோடது."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். செருப்பை மாட்டப் போனபோது கதவு ஒரு சாண் திறந்தது.

"இந்த வீட்டுல நான் ஒண்ணு செஞ்சு வெச்சா, காலையில அது வேற மாதிரி இருக்கும்" என்றாள் அந்தப் பெண். "புக்கு, டிரஸ்ஸு, வரைஞ்ச படம், எல்லாமே. கேட்டா யாரும் தொடலைன்னுதான் சொல்வாங்க. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்ற அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நான்தாண்டி" என்றாள் அம்மா. "நீ தூங்கினப்புறம்... நான்தான் சரி பண்ணி வெச்சேன்."

அந்தப் பெண் தன் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது. அவற்றுக்கு மேலே, நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கியவளின் மூச்சு ஒன்று வெளியே வந்தது. கதவை முழுக்கத் திறந்தாள்.

"மீதி இருபத்திமூணும் உசுரோட இருக்கா?"

"இருக்கும்மா."

"நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு?"