கதிரைக்குச் சொந்தமான பெயர்

நான் இருந்த அரசாங்கக் கந்தோரில் தொலைபேசி மணி அடித்தால், வேறு யாராவது எடுப்பார்கள் என்று எல்லோரும் நம்பியிருப்போம். அது அடித்து அடித்துத் தானாக ஓயும். ஓய்வு பெற்ற பின் நான் சேர்ந்த இடத்திலோ இரண்டாவது மணிக்குள் எடுக்காவிட்டால் விளக்கம் கேட்டார்கள். கண்டி நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடி. உள்ளே நல்ல குளிர், நீலத் தடுப்புகள், தலையில் ஹெட்போன் மாட்டிய இளம் பிள்ளைகள். இங்கிலாந்தில் ஒருவருடைய வீட்டில் இன்டர்நெட் நின்றுபோனால் அவர் கூப்பிடும் அழைப்பு இங்கேதான் வந்து விழும். அது இங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது. அதுதான் முதலாவது விதி.

இரண்டாவது விதி பெயர். எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் அங்குள்ளவர்களின் வாயில் நுழையாதாம். ஆகவே வேலை தந்த இங்கிலாந்துக் கொம்பனி, தானே தேர்ந்தெடுத்து ஒப்புதல் அளித்த ஆங்கிலப் பெயர்களை அனுப்பியிருந்தது. ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு பெயர். கதிரையில் உட்காருபவருக்கு அந்தப் பெயர் வரும்; அவர் விலகிப் போனால் பெயர் கதிரையோடு நிற்கும். கழுத்தில் தொங்கும் அட்டையிலும் படத்துக்குக் கீழே அந்தப் பெயர்தான். பக்கத்துக் கதிரைக்காரியின் சொந்தப் பெயர் தெரியாமலே பலர் மாதக்கணக்கில் ஒன்றாகச் சோறு சாப்பிட்டார்கள்.

மூன்றாவது விதி, வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டு ஊழியரைப் பற்றி விசாரித்தால் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. கோபக்கார வாடிக்கையாளர்கள் தேடி வந்துவிடுவார்களாம். லண்டனிலிருந்து கண்டிக்கு, கெட்ட இன்டர்நெட்டுக்காக.

என் பொறுப்பு நிர்வாகம். ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன், பொலிஸ் பதிவு, அடையாளப் பத்திரங்கள். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. தமிழர் ஒருவர் கண்டியில் அறை எடுத்தால் எந்தப் பத்திரம், எத்தனை பிரதி, யாருடைய கையொப்பம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். முந்திய கலவரத்தில் என் வீட்டை எரிக்க வந்தவர்களும் முறைப்படி வாக்காளர் பெயர் இடாப்போடுதான் வந்தார்கள். அதிலிருந்து, முறைகளை அவர்களை விட நன்றாக அறிந்து வைத்திருப்பது நல்லது என்று முடிவு செய்திருந்தேன்.

கலகெதரப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். அப்பா ரப்பர் பால்வெட்டுபவர். கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலம். அந்த மாடியிலேயே நல்ல குரல் அவளுடையது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், இன்னைக்கு ஒரு பாட்டியம்மா கூப்பிட்டாங்க. லைனெல்லாம் சரி பண்ணிக் குடுத்துட்டேன். அப்புறம் சொல்றாங்க, இந்த வேலைய முந்தி என் மக பாத்தா, இப்ப வீட்ல சும்மா இருக்கா, நீ எந்த ஊரும்மான்னு."

"நீர் என்ன சொன்னீர்?"

"சப்போர்ட் சென்டர்ல இருந்து பேசறேன்னு சொன்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. நானும் திருப்பித் திருப்பி அதையே சொன்னேன். அழுதுட்டாங்க சார்."

அவளும் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் மணி அடித்தது. ஓடிப் போனாள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த அட்டையில்தான். வேனில் ஏறும்போதே அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. சட்டைப்பையில் தேசிய அடையாள அட்டை, அதில் தமிழ்ப் பெயர். கழுத்தில் இன்னொரு அட்டை, அதில் இன்னொரு பெயர். இந்த நாட்டில் அந்த வருடங்களில் இரண்டு பெயர் வைத்திருந்த தமிழர் யார் என்று சோதனைச் சாவடியில் நிற்கும் எவனுக்கும் ஒரே பதில்தான் தெரியும். அட்டையின் பின்புறத்திலாவது சொந்தப் பெயரை அச்சடிக்கும்படி முகாமையாளரிடம் சொன்னேன். அவர் சிங்களவர், வயதில் என் மகனைப் போன்றவர், கெட்டவரல்லர்.

"சேர் இன்னும் கவர்மென்டிலேயே இருக்கிறீங்க" என்று சிரித்தார். ஆனாலும் இங்கிலாந்துக்கு எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

அங்கே விடியும்போது இங்கே மதியம் தாண்டிவிடும். வேன் மதியத்தில் வரும். ஒருநாள் சாரதி மட்டும் படியேறி வந்தார், கலகெதர முஸ்லிம் ஆள், முகம் வெளிறிப் போயிருந்தது.

"சேர், பாலத்துக்கிட்ட செக்பொயின்ட்ல நம்ம புள்ளய எறக்கிட்டாங்க. ரெண்டு அட்டைல ரெண்டு பேர் ஈக்கிதாம். நான் எவ்வளவோ செல்லிப் பாத்தேன். ஒன்னையும் உள்ள போடுவோம்னு செல்றாங்க."

"அட்டையில கந்தோர் நம்பர் இருக்கே, எடுத்துக் கேக்கேல்லையோ?"

"கேட்டாங்க சேர். அதுதானே வினை."

மாடியிலேயே விசாரித்தேன். பொலிசார் கூப்பிட்டிருக்கிறார்கள். எடுத்தவன் சேர்ந்து சில வாரங்களே ஆன பொடியன். அடையாள அட்டையில் உள்ள தமிழ்ப் பெயரைச் சொல்லி, இப்படி ஒருவர் வேலை செய்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் அந்தப் பெயரை வாழ்நாளில் கேட்டதில்லை. அப்படி யாரும் இல்லை என்றான். ஆங்கிலப் பெயரைச் சொன்னார்கள். ஊழியர் விபரம் தர முடியாது என்றான், மிகவும் மரியாதையாக, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே.

"பிழையா சேர்?" என்று கேட்டான்.

"இல்லை தம்பி. முழுக்கச் சரி" என்றேன்.

முகாமையாளருக்கு இங்கிலாந்தோடு கூட்டம் இருந்தது. சோதனை, கைது என்ற வார்த்தைகள் அவர்கள் காதில் விழுந்தால் வேலையை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றார். கடிதத் தலைப்பில் கையொப்பம் வைத்துத் தந்தார். நியமனக் கடிதம், பொலிஸ் பதிவின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போனேன்.

அவள் சுவரோரம் ஒரு நீள மர வாங்கில், இரண்டு கைகளையும் மடியில் வைத்து இருந்தாள். என்னைக் கண்டும் எழும்பவில்லை. எழும்பலாமா என்று தெரியவில்லை போலும். கொழும்பிலிருந்து வாகனம் வருகிறது என்று சார்ஜன்ட் சொன்னார். அந்த வாகனத்தில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதற்கு மட்டும் எனக்குத் தெரிந்த முறை எதுவுமில்லை.

கடதாசிகளைப் பொறுப்பதிகாரியின் முன் பரப்பினேன். கைது செய்ததற்குப் பற்றுச்சீட்டு தரவேண்டும் என்றும் சிங்களத்தில் பணிவாகச் சொன்னேன்.

"மாத்தயா சட்டம் படிச்சவர்" என்றார் அவர். "சரி. ஒரு கந்தோர் ஏன் ஆளுக்குப் பொய்ப்பெயர் கொடுக்குது? அதைச் சொல்லுங்க."

சொன்னேன். இங்கிலாந்து, இன்டர்நெட், வாயில் நுழையாத பெயர். உண்மையைச் சொல்லும்போது அது எவ்வளவு மோசமான பொய்யாகக் கேட்கிறது என்பதை அன்று கண்டேன்.

அவர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "அங்கே பேசுற மாதிரி இங்கே பேசு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஹெட்போன் இல்லாத காதை ஒருமுறை தொட்டு, ஆரம்பித்தாள். அழைத்ததற்கு நன்றி, என் பெயர் இன்னது, இன்று உங்களுக்கு எவ்வாறு உதவலாம். அசல் ஆங்கிலேயக் குரல். பொலிசார் வெடித்துச் சிரித்தார்கள். அடுத்த அறையிலிருந்தவர்களும் வந்தார்கள். "ஆயெத், ஆயெத்" என்றார்கள். திரும்பவும் சொன்னாள். வந்த ஒவ்வொருவருக்காகவும் சொன்னாள், ஒரு எழுத்தும் தடுமாறாமல், கண்ணீர் வழிந்துகொண்டிருக்க.

சிரித்துக் களைத்தபின் விட்டார்கள். இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். அட்டையைக் கேட்டேன். விசாரணைக் கோவையில் வைக்கத் தேவை என்று பொறுப்பதிகாரி வைத்துக்கொண்டார்.

அவள் அதன் பிறகு வரவில்லை. அப்பா வந்து, வாசலிலேயே நின்று, "பிள்ள இனி வராதுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கதிரை வெறுமையாக நிற்கக் கூடாது. அடுத்த மாதம் பேராதனையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அதே வேன். அதே கதிரை. அதே பெயர். புதிய அட்டை. வேறு பெயர் கொடுங்கள் என்று முகாமையாளரிடம் மன்றாடினேன்.

"ஒப்புதல் எடுக்கணும் சேர். இப்ப நான் ஏதாவது கேட்டா, நம்மை விட்டுட்டுப் போறதுக்கு அதுவே காரணமாகிடும். ஏற்கெனவே வேற நாட்டில விலை கேக்கிறாங்க."

அந்தப் பிள்ளையிடம், வீதியில் அட்டையைக் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னேன். "ஓம் அங்கிள்" என்றாள். வேனில் ஏறும்போது பார்த்தேன், மாட்டித்தான் இருந்தாள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு பிற்பகல், என் மேசைத் தொலைபேசி அடித்தது. சிங்களத்தில், அவசரமில்லாத, படித்த ஒருவரின் குரல். தான் யாரென்று சொல்லவில்லை. அந்த ஆங்கிலப் பெயரைத் தெளிவாக உச்சரித்து, அவர் இன்று வேலையில் இருக்கிறாரா என்று கேட்டது.

இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை ஏற்கெனவே கண்டிருக்கிறேன். ஆமென்றால் என்ன நடக்கும் என்பதைக் காண வேண்டியதில்லை. வேலை விட்டுப் போய்விட்டார் என்று சொன்னேன். நியாயமாக அது உண்மைதான்.

"அப்படியா?" என்றது குரல். "இன்று மதியமும் உங்கள் வேன் அந்தப் பெயரோடு பாலத்தைத் தாண்டியதே."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அந்தப் பிள்ளை ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, இங்கிலாந்தில் யாருக்கோ சிரித்த முகத்தோடு தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.