வலை அறை ஸ்பீக்கர்

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் கூடம், நடுவில் சமையலறை, கடைசியில் வலைகளைப் போட்டு வைக்கும் அறை. மூன்றிலும் ஒரே நேரத்தில் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது என் பைத்தியம். மீஞ்சூரில் வேலை முடிந்து வரும்போது வயரில்லாத ஸ்பீக்கர் மூன்று வாங்கி வந்தேன். போனில் ஏதாவது பேசி அனுப்பினால் அதுவும் எல்லா அறையிலும் கேட்குமாம்.

பேசிப் பார்க்க மகளிடம் போனைக் கொடுத்தேன். "நைனா, எங்க போற?" என்றாள். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எங்கள் குப்பத்தில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. தினமும் தன் அப்பாவிடம் அதைக் கேட்கப் போய் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். "பொட்டிதானே கேக்குது, நானா கேக்குறேன்?" என்று சிரித்தாள். கூடமும் சமையலறையும் கேட்டன. வலை அறை வாயே திறக்கவில்லை. சனியனே என்று திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

விடிந்தும் விடியாமலும் வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தார். பின்னால், ஆளில்லாத வலை அறையிலிருந்து குரல் வந்தது. "நைனா, எங்க போற?"

மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"யோவ், உள்ள வா. ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."

"பொட்டி பேசுனதுக்கெல்லாமா? படகுல ஆளுங்க காத்துனு கீறாங்க. இன்னாடி நீ!" போயே விட்டார்.

கொஞ்ச நேரத்தில் காற்று மாறியது. நான் வேலைக்குப் போகவில்லை. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. அவருடையது வரவில்லை. போன் அடித்தால் போகவில்லை. பயத்தில் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்த வைஃபை பெட்டியை எடுத்து, வீட்டுக்கு நடுவில் சமையலறை வாசலுக்கு மேல் ஆணியடித்து மாட்டினேன். ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றிலும் பச்சை விளக்கு எரிந்தது.

உடனே மூன்று அறையிலும் அவர் குரல். "தண்ணி எடுத்து வெய்யி. குடிச்சிட்டுப் போறேன்."

முன்னே பின்னே பிசகாமல் ஒரே மூச்சில் கேட்டது. பாவி மனுஷன் உயிரோடு இருக்கிறான் என்று ஓவென்று அழுதேன். சொம்பில் தண்ணீர் மொண்டு வாசலில் வைத்தேன். "நைனா எங்கம்மா?" என்று மகள் ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன்.

மதியம் வேறு படகுக்காரர்கள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சொட்டச் சொட்ட உட்கார்ந்து, சொம்பை ஒரே மடக்கில் காலி செய்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"அவ்ளோ பேசுனியே, எங்க கீறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எதுல பேசுனேன்? முகத்துவாரத்துல படகு கவுந்தப்பவே போனு தண்ணில பூட்ச்சே."

"அப்ப தண்ணி எடுத்து வெய்யினு சொன்னது யாரு?"

அவர் சொம்பைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"படகுக்கு அடியில மாட்டினு இருந்தேன். வாயத் தொறந்தா உப்புத் தண்ணி. மனசுலதான்டி சொன்னேன்."