அண்ணன் தம்பி கேசட்டும் நான் கண்டுபிடித்த குறையும்

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர், எண்பதுகளின் நடுவில், மெட்ராசுக்குப் போய்ப் பழைய சினிமாப் பாட்டுகளைத் தங்கள் குரலில் பாடி ஒரு கேசட் கொண்டுவந்தார்கள். அட்டையில் இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டு, தீபம் ஏற்றும் மலைக்கு முன்னால் நின்றார்கள். மலையைப் பார்த்துப் பக்திப் பாட்டு என்று நம்பி, ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு வாங்கிப் போனதாகக் கேள்வி. அந்த மனிதருக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்று சொல்லிவிடுகிறேன். பகலில் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பேன். கல்யாணம், திருவிழா என்றால் எங்கள் மெல்லிசைக் குழுவின் முதல் பாடகன் நான்தான். பதினோரு வருஷம். தீபத் திருவிழாவுக்குக் கடைத்தெரு வியாபாரிகள் போடும் மேடை எங்களுடையது. அந்த வருஷம் வியாபாரிகள், என் இடத்தில் அந்த அண்ணன் தம்பியைப் பாடவைத்தால் என்ன என்று எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டுவிட்டார்கள். வாத்தியக்காரர்கள் அப்படியே இருக்கலாமாம். நான் மட்டும் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டுமாம்.

கேசட்டைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சு. எனக்கு முடிவெட்டும் சலூன்காரர், சினிமாவில் வந்ததைவிட இதில்தான் இனிமை ஜாஸ்தி என்றார். கத்தி என் கழுத்தில் இருந்ததால் சும்மா இருந்தேன். டீக்கடையில் கேட்டால் தூக்கம் வருகிறது என்றார்கள். அந்தக் கடையில் இரண்டாவது டீ குடித்தேன். வீட்டில் மனைவியைக் கேட்டேன். நல்லாத்தான் இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

நல்லா இருக்கிறதாம். தம்பி ஒவ்வொரு வரியையும் மூக்காலேயே பாடினான். அண்ணன் தாளத்தை விட்டு முன்னால் ஓடி, அது வந்து சேரும்வரை காத்திருந்தான். சோகப் பாட்டாக இருந்தாலும் சரி, தாலாட்டாக இருந்தாலும் சரி, பின்னால் ஒரே டிஸ்கோ அடி. இதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் காதை எங்கே அடகு வைத்தார்கள் என்று தெரியவில்லை.

தலைவர் நியாயமான மனிதர். குழுவில் எல்லோரும் சேர்ந்து கேட்டு முடிவு செய்வோம் என்றார். ஒத்திகைக்கு நான் கேசட்டோடு, சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இரவல் வாங்கிய அசல் சினிமா இசைத்தட்டையும் எடுத்துப் போனேன். கேசட்டின் மூன்றாவது பாட்டில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தேன். சரணத்தின் கடைசி வரி மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டும். அண்ணன் ஏறுவதுபோல் ஏறி, பாதியில் ஒரு குழைவு குழைந்து கீழே இறங்கிவிட்டான். முதலில் தட்டை வைத்தேன், பிறகு கேசட்டை, திரும்பவும் தட்டை.

"மேல போறதுக்குத் தம் இல்ல. அத மறைக்கத்தான் இந்தக் குழைவு. இதுக்குப் பேரு பாட்டுங்களா?" என்று கேட்டேன்.

தலைவர் ஆர்மோனியத்தில் இல்லாத தூசியைத் துடைத்தார். பதினோரு வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த தபலாக்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"அண்ணே, நீங்க அப்படித்தான் பாடுறீங்க. அவங்க தட்டக் கேட்டுப் படிக்கல. நம்ம மேடைக்கு முன்னாடி நின்னு உங்களப் பாத்துத்தான் படிச்சாங்க."

இல்லவே இல்லை என்றேன். என் குரலை நான் ஒருநாளும் டேப்பில் கேட்டதில்லை. பாடிக் காட்டுகிறேன் என்று தலைவரைச் சுருதி பிடிக்கச் சொன்னேன். அந்த வரி வந்தது. தொண்டை தானாகவே குழைந்து இறங்கியது. தபலாக்காரர் என்னைப் பார்க்காமல், அந்த இறக்கம் வெளியே தெரியாதபடி அடியை நிரப்பி முடித்தார். கை பழகியிருந்தது. அத்தனை வருஷமும் அப்படித்தான் மூடிக்கொடுத்திருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தத் தீபத்துக்கு அண்ணன் தம்பிதான் பாடினார்கள். போகவே கூடாது என்று இருந்தேன், போனேன். தம்பி அன்றும் மூக்கால்தான் பாடினான். அதில் இன்றுவரை என் கருத்து மாறவில்லை. பிறகு அந்தப் பாட்டு வந்தது. அண்ணன் பாதி ஏறி, குழைந்து, இறங்கினான். கூட்டம் கைதட்டியது. அந்த இடத்தில் எனக்கு ஒருநாளும் யாரும் கைதட்டியதில்லை.