வெள்ளிப் படகுக்கு எழுதின அட்டை

இன்னிக்கு சாந்தோம் பக்கம் ஒரு பழைய கன்னியர் மடத்துக்குப் போயிருந்தேன். கோயிலையும் மியூசியத்தையும் ஒரு சிஸ்டர் சுத்திக் காட்டினாங்க.

கோயில்ல ஜெபம் பண்ணிட்டிருந்த பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா ஒருத்தங்களும் எங்க கூடவே மியூசியத்துக்குள்ள வந்துட்டாங்க.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிப் படகு. பக்கத்துல அட்டை: ‘கடலிலிருந்து உயிரோடு திரும்பியவரின் நன்றிக் காணிக்கை.’

சிஸ்டர் அதைப் படிச்சதும் அந்தம்மா மெதுவா சொன்னாங்க: "இது நான் வெச்சது சிஸ்டர். எங்கூட்டுக்காரரு கடல்ல காணாம பூட்டாரு. திரும்பி வரணும்னு வேண்டிக்கினு மாதா காலடில வெச்சேன். வரல."

சிஸ்டர் முகம் வாடிப்போச்சு. "மன்னிச்சுக்கோங்கம்மா. வேண்டுதல் நிறைவேறின பிறகுதான் எல்லாரும் வைப்பாங்க. அதான் அப்படி எழுதிட்டோம்." அட்டையை எடுக்கறதுக்காகப் பெட்டிச் சாவியைத் தேடினாங்க.

அந்தம்மா தடுத்துட்டாங்க.

"இருக்கட்டும் சிஸ்டர். அவரு வந்துட்டா அப்பால மறுபடியும் இத்தையே எழுதணுமே."

உள்ள போட்டோ எடுக்க விடலையேன்னு அதுவரைக்கும் எனக்கு ஒரே கடுப்பு. விட்டிருந்தா அந்தப் படகையும் இங்க போட்டு, அழகா இருக்கான்னு உங்களைக் கேட்டிருப்பேன்.