பாலத்தை மூடுகிறவள்

நல்ல வெயிலில் பாலத்தை மூடுவதுதான் அவளுக்கு வேலை. மழையிலும் மூடுவாள். மழையில் மூடினால் யாரும் திட்டுவதில்லை, அதனால் அதை யாரும் வேலையென்று நினைப்பதில்லை.

ஆறு கடலில் சேரும் இடத்தில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம். குறுக்குக் காற்று அடித்தால் உயரமான லாரிகள் சாய்ந்துவிடும். காற்று வந்தபிறகு மூடிப் புண்ணியமில்லை என்பதால், வருமுன் சொல்ல ஒரு கணினி வைத்திருந்தார்கள். பாலத்தின் மேலுள்ள நான்கு காற்றுமானிகள், வானிலை மையத்தின் தகவல், முப்பது வருடத்துப் பழைய காற்று எல்லாவற்றையும் போட்டு அரைத்து, அடுத்த அரைமணியில் பாலத்தின் நடுவில் என்ன நடக்கும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சொல்லும். ஆபத்து என்றால் திரையில் ஒரு கோடு சிவக்கும். உடனே அவள் பொத்தானை அழுத்த வேண்டும். இரு பக்கமும் சிவப்பு விளக்கு எரியும், தடுப்புக் கட்டை இறங்கும், வண்டிகள் நிற்கும், வசவு தொடங்கும்.

லாரிக்காரர்கள் அவளுக்குப் 'பூட்டக்கா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒரே வருடத்தில் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைச் சோதிக்க வந்தவர்கள்கூட, எழுத்தைப் படிப்பதற்கு முன்னால், இன்று எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று அவரிடம் கேட்டார்கள். மாமியாருக்கு இன்றுவரை இந்த வேலை பிடிபடவில்லை. காற்றடிக்கும் என்று சொல்ல ஓர் ஆபீசா, அதற்கு ஒரு சம்பளமா என்பது அவர் கேள்வி.

பதினொரு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை மூடியிருக்கிறாள். பாலத்தில் ஒன்றும் நடந்ததில்லை. அதுதான் அவள் வேலையின் பலன், அதுவேதான் அவள் தலைவலியும். விழாத லாரியைப் படம் பிடித்துக் காட்ட முடியாதே. கணினியை நம்புங்கள், நம்புங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி அவள் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஒரு நாள் நாற்பது நிமிடம் மூடினாள். ஒரு கைக்குட்டைகூட ஆடவில்லை. நூற்றுக்கு எழுபது என்று கணினி சொல்லியிருந்தது. அன்று மிச்ச முப்பது நடந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நின்ற வண்டிகளில் ஒன்றுக்குள், அவளுடைய அதிகாரிக்கும் அதிகாரியாக இருப்பவர் உட்கார்ந்திருந்தார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

மறுநாள் அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீரும் வரவழைத்தார். தேநீர் வந்தபோதே அவளுக்கு விஷயம் நல்லதல்ல என்று தெரிந்துவிட்டது. இனிமேல் கோடு சிவந்ததும் அழுத்திவிட வேண்டாம், வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு அழுத்தலாம் என்றார். இன்னொரு முறை இப்படி ஆனால் கணினியையே எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் வாயால்தான் சொன்னார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

அடுத்த வாரம், மதியம் மூன்று பத்துக்குக் கோடு சிவந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். பதினொரு வருடமாகத் திரையைத் தவிர எதையும் பார்க்காதவள் அன்று வானத்தைப் பார்த்தாள். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சூடு கண்ட பூனை அவள். பொத்தானின் மூடியைத் திறந்து, விரலை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றாள். பச்சை விளக்கைத் தாண்டி நீல லாரி ஒன்று பாலத்தில் ஏறியது. மூன்று பதினாறுக்குக் காற்று பட்டுத் தெற்கே தண்ணீர் கறுத்துச் சுருங்கியது. அப்போதுதான் அழுத்தினாள்.

நடுப்பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடப்பதாகச் சற்று நேரத்தில் தகவல் வந்தது. அதில் இருநூறு மெத்தைகள் இருந்தன. ஓட்டியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இருநூறில் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை.

கேட்டதும் அவள் மனத்தில் முதலில் வந்தது 'அப்பாடா' என்ற சொல். இனி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அப்புறம்தான் வெட்கம் வந்தது. வந்தது போகவும் இல்லை.

அதிகாரிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்த லாரிக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை சிவப்பு விளக்கை மீறி மாட்டியவர். நுழைவாயில் கேமராவில் கடல் உப்பு படிந்து மூன்று மாதமாக எதுவும் தெரியவில்லை. லாரி எப்போது ஏறியது என்று பார்த்தது அவள் ஒருத்திதான். 'எச்சரிக்கையை மீறி நுழைந்தது' என்று அறிக்கையைத் தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டார் அதிகாரி. அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் லாரிக்காரரின் உரிமம் போய்விடும்.

மூன்று நாள் அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது," என்றார். இன்னும் கொஞ்சம் துடைத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சுபோச்சே," என்றார்.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மருத்துவமனைக்குப் போனாள். லாரிக்காரர் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் லாரிக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. நான்தான் விளக்கைப் பாக்காம ஏறிட்டேன் போல. அவசரம்னா எனக்குக் கண்ணு தெரியாது. யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் ஞாபகம் வரல."

"பச்சைதான் எரிஞ்சுது," என்றாள் அவள். "கம்ப்யூட்டர் முன்னாடியே சொல்லிருச்சு. நான் ஆறு நிமிஷம் அழுத்தாம நின்னுட்டேன்."

மனைவி உரித்த பழத்தைத் தட்டில் வைத்தார்.

"மூணு நாளா இவரு தன்னையே திட்டிக்கிட்டு கிடக்குறாரு," என்றார் அவர். "நீங்க இன்னைக்குத்தான் வர்றீங்க."

"வரப் பயமா இருந்துச்சு."

உட்காரச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே புது அறிக்கையைக் கையால் எழுதிக் கொடுத்தாள். நான்கே வரி. அதிகாரி இரண்டு முறை படித்தார். தன் தேநீரைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்து, ரொம்ப நேர்மையான அறிக்கை என்று பாராட்டினார். அவர் வாயால் சொன்னதையும் அவள் எழுதியிருக்கலாம்தான். ஆனால் பொத்தானில் இருந்தது தன் விரல் என்று அவள் நினைத்தாள்.

விசாரணை நடந்தது. கணினி சரியாகச் சொல்லியிருக்கிறது, மனுஷிதான் தப்பு செய்திருக்கிறாள் என்று முடிவானது. பொத்தானைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கோடு சிவந்தால் விளக்கு தானாகவே சிவக்கிறது. லாரிக்காரரின் உரிமம் தப்பியது. அவளைப் புகார் தொலைபேசிக்கு மாற்றினார்கள். பாலம் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது புது வேலை. முன்பு முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள், இப்போது காதுக்குள்.

ஆறு மாதம் கழித்து, வெயில் கொளுத்திய ஒரு மதியம், மணி அடித்தது. என்ஜின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர், சுத்தமான வானத்தை வைத்துக்கொண்டு எதற்காக மூடியிருக்கிறீர்கள், சரக்கை நீங்களா கொண்டுபோய் இறக்குவீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்தார். குரல் தெரிந்த குரல், மருத்துவமனையில் கேட்டது. அவர் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நடுப்பாலத்துல காத்து வரும்னு கம்ப்யூட்டர் சொல்லுதுங்க. நாப்பது நிமிஷம் ஆகும்."

இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் இறங்கியது.

"அக்காவா?"

"ஆமா."

"கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"நில்லுங்க," என்றாள்.

என்ஜின் அணைகிற சத்தம் கேட்டது.