மண் படாத கை

விவசாயப் பாடத்தைத் திரையில் படம் போட்டே நடத்தும் ஆசிரியர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களைச் செய்முறைக்குப் பழக்குவதுதான் ஆக்லாந்தில் என் வேலை. அன்று நகரின் தெற்கே விரி என்ற பகுதியில் ஒரு கொட்டகையில் பன்னிரண்டு ஆசிரியர்கள் மண் கலந்து நாற்று நட்டார்கள். சொல்லிக்கொடுப்பவர் செடியைத் தொடக் கூடாது என்பது என் விதி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர், "நீங்களும் ஒண்டு நட்டுப் பாருங்கோவன்" என்றார்.

"வேண்டாங்க. நான் தொட்டா நீங்க என் கையைத்தான் பார்ப்பீங்க."

முடிந்ததும் குழாயடியில் எல்லாரும் நகத்து மண்ணைக் காட்டிச் சிரித்தபடி கை கழுவினார்கள். திரும்பிப் போனால், மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் இருக்கும் என் வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. என் கையில் மண்ணும் இல்லை. ஆனாலும் வரிசையில் போய் நின்றேன்.