கண்ணாடி கழற்றிய இடம்

நாள் முழுக்க முகங்களைப் படம் எடுப்பதுதான் என் வேலை. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் வாசலில், தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரி ஓட்டுநர்களுக்கு கேட் பாஸ் போட்டுக் கொடுக்கிறேன். லைசென்சை வாங்கிப் பார்த்து, வண்டி எண்ணைத் தட்டி, கம்ப்யூட்டர் மேல் கவ்வியிருக்கும் சின்ன கேமராவை அவர்கள் பக்கம் திருப்பி, "நேரா பாருங்கண்ணா, துண்ட எடுங்க, ஆடாதீங்க" என்பேன். பாதிப் பேர் ராத்திரி முழுக்க ரோட்டில் வரிசையில் நின்றுவிட்டு வருகிறவர்கள். கேமரா முன்னாலேயே கண் சொருகும். கொஞ்சம் அதட்டினால்தான் திறப்பார்கள்.

அதனால் என் வீட்டுக்காரரை ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பது பெரிய காரியமே இல்லை என்று நினைத்தேன். அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்த ஒரு போட்டோ தின்றுவிட்டது.

அவர் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். விடிவதற்கு முன்னால், படகிலிருந்து கூடை கூடையாகக் கொட்டும் மீனைச் சுற்றி கூட்டம் கூடியதும், நடுவில் நின்று விலை கூவுவார். கூடை சுமந்து வந்த பெண்கள், வேன்காரர்கள், ஓட்டல்காரர்கள் எல்லோரையும் ஒரே வாயால் சமாளிப்பார். கேலி பேசுவார், திட்டுவார், அடுத்த மூச்சில் சமாதானம் சொல்வார். வீட்டிலும் அதே சத்தம்தான். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கும் அவர் வந்துவிட்டாரா என்று கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் விளக்கும்போது பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது. இடது கால் இழுத்துக்கொண்டு வருகிறது. இடது கன்னமும் வாயின் அந்த ஓரமும் தொங்கிப்போயின. பேச்சு வருகிறது, ஆனால் குழைந்து வருகிறது. எனக்குப் புரியும். போனில் மகளுக்குப் பாதிதான் புரியும். ஒரு காலத்தில் துறை முழுக்கக் கேட்ட குரல் இப்போது அடுக்களை வரைதான் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாசலைத் தாண்டவே இல்லை. துறைமுகத்து ஆட்கள் பார்க்க வந்தால், நான் கதவிலேயே நின்று தூங்குகிறார் என்று சொல்லி அனுப்ப வேண்டும். பாதி உடம்பு போனதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. முகத்தைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த நிலைக்கண்ணாடி ஒன்று கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. கீழ் ஓரத்தில் சிவப்பு பெயிண்டில் அன்பளிப்பு என்று எழுதி, கொடுத்தவர்கள் பெயரெல்லாம் போட்ட கண்ணாடி. இடுப்பிலிருந்து தலை வரை தெரியும். அவர் படுத்துக் கிடக்கிற கட்டிலிலிருந்து பார்த்தால் நாளெல்லாம் அவர் முகம்தான் தெரியும். ஒருநாள், "அத்த கயட்டிடு" என்றார். கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அது மாட்டியிருந்த இடத்தில் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்ற சுவரெல்லாம் லாரிப் புகையும் கரித்தூளும் படிந்து, நாங்கள் அடித்த வெள்ளை எது என்றே தெரியாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்த நீளச்சதுரம் மட்டும் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. மேலே ஒரு காலண்டரை மாட்டி மறைக்கலாம் என்று நினைத்தேன். காலண்டர் இருந்தது. பழைய ஆணி கண்ணாடியோடு பெயர்ந்து வந்துவிட்டது, புதிதாக அடிக்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிப்போட வேண்டும் என்று மகள்தான் ஆரம்பித்தாள். அவள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். போட்டோவோடு விண்ணப்பத்தை அவளே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவாள், டாக்டர்கள் பார்த்துச் சான்று தரும் முகாமுக்கு மட்டும் அவர் நேரில் போக வேண்டும். அட்டை வந்தால்தான் மூன்று சக்கர வண்டி கேட்க முடியும். வண்டி வந்தால்தான் அவர் கட்டிலை விட்டு, இந்த அறையை விட்டு, என் தலையை விட்டு கொஞ்ச நேரமாவது வெளியே போவார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியமாக இருந்தது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, சோறு வைத்து, மதியத்துக்கு மூடி வைத்துவிட்டு வேலைக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து. நான் அலுத்துப்போயிருந்தேன். பாசம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அலுப்பு வேறு.

நான் போனை ஸ்பீக்கரில் போட, போட்டோ எப்படி இருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். "நைனா, கேளு. பின்னாடி வெள்ளயா இருக்கணும். மூஞ்சி நேரா இருக்கணும். வாய மூடிகினு இருக்கணும்."

வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் அவர் நன்றாக இருந்திருந்தால் இதற்கே ஒரு மணி நேரம் சிரிக்க வைத்திருப்பார். இப்போது, "பழ்சு ஒண்ணு கீதே, அத்த குடு" என்றார்.

பழசு என்றால் துறைமுக அட்டைக்காக எடுத்தது. முறுக்கிய மீசை, போட்டோக்காரரை ஏலத்துக்கு விடப்போகிற மாதிரி ஒரு பார்வை. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. சமீபத்தில் எடுத்ததைத்தான் போட வேண்டுமாம். சரி, தெருமுனை ஸ்டுடியோவுக்கு ஆட்டோவில் போய் வந்துவிடலாம் என்றேன்.

"அங்க எவன் வருவான்? தெரு பூரா நின்னு என் மூஞ்சிய பாக்கவா?"

"முகாமுக்கு மட்டும் எப்படிய்யா போவ? அங்க டாக்டரு பாக்க மாட்டாரா?"

"அங்க அல்லாரும் என்ன மாதிரிதான் கீறாங்க. துண்ட போட்டுகினு பூட்டு வந்துருவேன். இந்த அட்ட அப்படியா? போற எடத்துல எல்லாம் எட்து நீட்டணும். கண்டக்டரு பாப்பான். வார்டு பாய் பாப்பான்."

அவர் சொன்னது தப்பில்லை. முகத்தைத் துண்டால் மூடலாம், அட்டையை மூட முடியாது. வீட்டிலேயே எடுப்பது என்று முடிவானது.

வெள்ளைப் பின்னணிக்கு எங்கள் வீட்டில் அந்த ஓரிடம்தான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் கண்ணாடி கழற்றிய இடத்துக்குக் கீழே போட்டு, அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். தலை சரியாக வெள்ளைக்கு நடுவில் வந்தது. போனைத் தூக்கினால், துண்டை எடுத்து இடது கன்னத்தில் வைத்துக்கொண்டார். துண்டைப் பிடுங்கினால் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினார். நேராக வைத்தால் வலது கையால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், பல்வலிக்காரர் மாதிரி. ஒரு ஞாயிறு இப்படியே போனது. அடுத்த ஞாயிறு சட்டை சரியில்லை என்றார். அதற்கடுத்தது வெளிச்சம் சரியில்லை. வேலையில் நான் ஒரு அதட்டு அதட்டினால் பதினாறு சக்கர வண்டி ஓட்டுகிறவன் கூட பூனை மாதிரி நிற்பான். என் புருஷனிடம் என் அதட்டல் செல்லவில்லை.

பிளாஸ்திரி யோசனை அவருடையதுதான். வெள்ளிக்கிழமை முகாம், அதற்கு முந்தின ஞாயிறு அது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய சுருளில் மிச்சம் இருந்தது. காதுக்குப் பின்னாலிருந்து ஒட்டிக் கன்னத்தை மேலே இழு என்றார். ஒட்டினேன். வாய் ஓரம் மேலேறியது. நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். போனில் இன்னொரு தரம் பார்த்தேன். பழைய ஆள் உட்கார்ந்திருந்தார். எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ம்மா, நைனாக்கு சரியா பூடுச்சா?"

பிளாஸ்திரி விஷயத்தைச் சொன்னேன். "வேணாம்மா. ஒழுங்கா ஒண்ணு எடுத்து அனுப்பு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் சொல்லாததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கேட்ல மூஞ்சியும் போட்டோவும் ஒத்துப் போகலன்னா வண்டிய நானே உள்ள வுட மாட்டேன்யா. இத்த காட்டுனா உனக்கு இன்னா கொறன்னு கேப்பாங்க."

பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்த்தார். காதோரத்து முடியும் சேர்ந்து வந்தது. கன்னம் மறுபடியும் கீழே இறங்கியது. அப்போது ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். விடிந்ததிலிருந்து துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, சமைத்து முடித்த கையோடு நிற்கிறேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"உன் மூஞ்சிய டெய்லி நாந்தான் பாத்துகினு கீறேன். எனுக்கு ஒண்ணும் பேஜாரா இல்ல. பாக்காதவங்கள நெனச்சு நீ ஏன்யா சாவுற?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குழறாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"உனுக்கு வேற வழியில்ல. அதான் பாக்குற."

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது பொய் மாதிரி இருக்கும். ஆமாம் என்று சொல்ல முடியாது. போனை அவர் மடியில் வைத்துவிட்டு, கட்டில் சட்டத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அவரைத் தூக்கிக் கட்டிலில் விடலாம் என்றுதான் இருந்தேன். சோறு கூடப் போடவில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். என்ன சத்தம் என்று முதலில் பிடிபடவில்லை. அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். போன் வலது கையில் இருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி எழுந்தேன். பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, சிரிக்கிறார். பக்கவாதம் வந்ததற்கப்புறம் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

"இத்த பாரும்மே" என்று போனை நீட்டினார்.

நான்தான். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் திறந்து, அந்த ஓரமாகக் கோணித் தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் ஒரு கோடாக இறங்கித் தோளில் சேலையை நனைத்திருந்தது. நெற்றியில் பொட்டு பாதி அழிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுப்பு. எத்தனையோ ஓட்டுநர்களைக் "கண்ண தொறங்க" என்று அதட்டிய என் முகம்.

"உன் வாயும் கோணிகினுதான் கீது" என்றார். சிரிப்பில் இன்னும் குழறியது. "எனுக்கு ஒண்ணும் பேஜாரா இல்ல."

"உனுக்கும் வேற வழியில்லய்யா" என்றேன்.

அதற்கும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அலுப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும், சிரிக்கவும் முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

போனை வாங்கித் தள்ளிப் பார்த்தேன். என் படத்துக்கு அடுத்ததாக அவரே அவரை எடுத்துக்கொண்டது இருந்தது. கை நடுங்கிக் கொஞ்சம் கலங்கியிருந்தது. துண்டு இல்லை, கை இல்லை, திருப்பிய தலை இல்லை. இறங்கிய கன்னத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்ன பிறகு அவர் தன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"இது ஆடியிருக்கு. இன்னொண்ணு எடுக்கட்டா?" என்று கேட்டேன்.

"எடு."

எதிரே போய் நின்றேன். "நேரா பாருங்கண்ணா, ஆடாதீங்க" என்றேன், வாசலில் சொல்கிற அதே குரலில். அவர் கை மடியிலேயே இருந்தது. வாயை மூடிக்கொள்ள முயன்றார். இடது ஓரம் மூடவில்லை. அப்படியே எடுத்தேன். சுற்றிலும் வெள்ளையாக, நடுவில் அவராக வந்திருந்தது. மகளுக்கு அனுப்பினேன். சரியாக இருக்கிறது, ஏற்றிவிடுகிறேன் என்று பதில் வந்தது.

அவரைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து விட்டு, சோறு போட்டு மடியில் வைத்தேன். அவர் சாப்பிடும்போது போனில் சேர்ந்திருந்த குப்பையை எல்லாம் அழித்துக்கொண்டு வந்தேன். துண்டு மூடியது, பல்வலிக்காரர், பிளாஸ்திரி போட்டவர், எல்லாம் போனது. கடைசியில் என் படம் வந்தது. சீ என்று விரலை அதன் மேல் கொண்டுபோனேன்.

வாயில் சோற்றோடு, "அத்த வுடு" என்றார்.

"இன்னாத்துக்கு? எவ்ளோ கலீஜா கீது பாரு."

"கெடக்கட்டும். அது எனுக்கு வோணும்."